ஜூதித்தாவின் அவசரம்

தெ ஃபந்தி குடும்பத்தில் கடை வைத்திருந்த யாரும் பன்னிரண்டு மாதமும் ஒரே ஊரில் இருந்ததில்லை. வட இத்தாலி மலைகளில் இருக்கும் ஸோல்தோ பள்ளத்தாக்கில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். பிப்ரவரி கடைசியில், மலையில் பனி இடுப்பளவு கிடக்கும்போதே, வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஆளுக்கோர் ஐஸ்கிரீம் கடை. அக்டோபரில் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்புவார்கள். பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடத்துக்காக ஊரோடு, யாராவது சொந்தக்காரர் வீட்டில்.

ஜூதித்தாவை அவள் அத்தை பியரினாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பியரினா மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரமில்லை என்று சொல்லிக்கொள்வாள். அப்பா பொர்த்தொலோவும் அம்மா மிரெல்லாவும் கிளம்பிய நாளில், ஆறு வயது ஜூதித்தா வண்டிக்குப் பின்னாலேயே தேவாலயம் வரை ஓடினாள். அழவில்லை. ஓடினாள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவளை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியவில்லை. வகுப்பில் நடுவே எழுந்து ஜன்னலுக்குப் போவாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, சுற்றுக்கு ஒரு வாயாகச் சோளக்களி வாங்கிக்கொள்வாள்.

“என்னடி, கால்ல சக்கரம் கட்டி வச்சிருக்கா?” என்று அத்தை கத்துவாள்.

கடைசியில் அத்தையே பொறுக்க முடியாமல், மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் இருந்த ஸ்கேட்டிங் அரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். வளைந்து வளைந்து போகிற பாதையில் முக்கால் மணி நேரம். ஐஸ் மேல் விட்டால் பிள்ளை களைத்துப்போய்த் தூங்கும் என்பதுதான் அத்தையின் கணக்கு. பிள்ளை களைக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அரங்கத்தை மூடப்போகிறோம் என்று ஆள் வந்து வெளியே தூக்கிவிட்டான். வண்டியில் ஏறியதும் அவள் கேட்ட ஒரே கேள்வி: “நாளைக்கு எத்தனை மணிக்கு வரோம் அத்தை?”

எட்டு வயதில், காற்றில் ஒரு சுற்று சுழன்று இறங்கும் தாவல்களை எல்லாம் முடித்தாள். பத்து வயதில் இரட்டைச் சுற்று. பதின்மூன்றாம் வயதில் நடந்த ஒரு வட்டாரப் போட்டியில், மிலானிலிருந்து நடுவர்களோடு வந்திருந்த ஃபுல்வியா என்கிற பயிற்சியாளர் அவளைப் பார்த்தார். குட்டையான பெண்மணி, கழுத்தில் எப்போதும் இரண்டு மஃப்ளர். போட்டி முடிந்ததும் அத்தையிடம் வந்து, “இந்தப் பொண்ணு விழறதுக்குப் பயப்படல. மத்ததெல்லாம் நான் சொல்லித் தரேன்,” என்றார்.

அடுத்த வருடம் ஜூதித்தா மிலானில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிக்குப் போனாள். விடுதியின் நீண்ட நடைபாதையில் அவள் தாவிப் பழகுவது கீழ்த்தளம் வரை கேட்கும். “மகளே, மேல குதிரை கட்டியிருக்கோமான்னு பாதிரியார் கேக்குறார்,” என்று விடுதித் தலைவி சிஸ்டர் அகாதா வாரம் ஒரு தரம் சொல்லுவார்.

அப்போது தொடங்கிய ஒரு விஷயம் பல வருடங்களுக்கு மாறவே இல்லை. பெற்றோர் ஊரில் இருக்கும் குளிர்காலம்தான் அவளுக்குப் போட்டிக் காலம். அவள் ஊருக்கு வரக்கூடிய கோடைக்காலத்தில் அவர்கள் ஜெர்மனியில். கிறிஸ்துமஸுக்கு மட்டும் மூன்று நாள் சேர்ந்து இருப்பார்கள். அந்த மூன்று நாளும் மிரெல்லா மகளைத் தின்னவைத்துக்கொண்டே இருப்பாள். மகள் நின்றுகொண்டே தின்பாள்.

பதினாறு வயதில் உடம்பு அவளை ஏமாற்றியது. ஒரே வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். முன்பு காற்றில் மூன்று தரம் சுழன்று இறங்கியவள், இப்போது இரண்டரைச் சுற்றிலேயே ஐஸைத் தொட்டாள். நாளுக்கு நாற்பது தரம் விழுந்தாள். இடுப்பின் வலப்பக்கம் ஊதா நிறத்திலேயே இருந்தது. அந்த டிசம்பரில் தேசியப் போட்டியில் இருபத்து நான்கு பேரில் இருபத்து மூன்றாவதாக வந்தாள். கடைசியாக வந்த பெண்ணுக்குக் காய்ச்சல்.

ஃபுல்வியா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“ஜோடி நடனத்துக்கு வந்துடு.”

“டீச்சர், அது தாவ முடியாதவங்க ஆடுறது.”

“ஆமா. இப்போ நீ யாரு?”

முகத்தில் அடித்தாற்போல இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தவள் அரங்கத்தைச் சுற்றிய சாலையில் ஒன்றரை மணி நேரம் நடந்தாள். திரும்பி வந்து, “யார் கூட?” என்று கேட்டாள். 

ஏர்மெஸ் கூட. அவனுக்குப் பத்தொன்பது வயது, மிலான் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகன். உயரமானவன். எதையும் மெதுவாகச் செய்பவன். ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஜூதித்தா காலணி கட்டி, உடம்பைச் சூடாக்கி, நான்கு சுற்று சுற்றி வந்துவிடுவாள். முதல் நாள் அவன் கையைப் பிடித்தபோது, சுவரைப் பிடித்தது போலிருந்தது என்று அத்தையிடம் தொலைபேசியில் சொன்னாள்.

“சுவர் நல்லதுதானேடி. சாய்ஞ்சுக்கலாம்.”

“எனக்குச் சாயத் தெரியாது அத்தை.”

ஜோடி நடனத்தில் தாவல் கிடையாது. இருவரும் பாட்டின் தாளத்துக்குள் இருக்க வேண்டும். ஒருவர் காலும் மற்றவர் காலும் ஒரே நொடியில் ஒரே கோணத்தில் திரும்ப வேண்டும். ஜூதித்தா ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னதாகவே போய் நின்றாள். ஃபுல்வியா பாட்டை நிறுத்தி நிறுத்திக் கத்தினார்: “பாட்டுக்கு முன்னாடி ஓடுறியே, பாட்டு என்ன நாயா, உன் பின்னாடி வர?”

ஏர்மெஸ் கத்த மாட்டான். அவள் தோள்பட்டையில் விரலால் தாளம் தட்டுவான், அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் அந்த விரலைக் கடித்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. பிறகு, எப்போது என்று அவளுக்கே தெரியாது, அந்த விரலை எதிர்பார்க்க ஆரம்பித்தாள். இரண்டாம் வருடம் தேசிய அளவில் எட்டாவது. நான்காம் வருடம் ஐந்தாவது. முதல் மூன்று ஜோடிகள்தான் ஐரோப்பியப் போட்டிக்குப் போக முடியும். ஜூதித்தா அந்த மூன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. அந்தக் கோடையில் பயிற்சியை நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டினாள். ஏர்மெஸ் சரி என்றான். ஆகஸ்டில் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டாள். அதற்கும் சரி என்றான்.

டிசம்பரில் தேசியப் போட்டியின் முதல் நாள் முடிவில் அவர்கள் மூன்றாவது இடத்தில் இருந்தார்கள். மறுநாள் நீண்ட நடனம். பொர்த்தொலோவும் மிரெல்லாவும் பியரினாவும் ஏழாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிமிடம் வரை எல்லாம் சரியாகப் போனது. பிறகு ஒற்றைக்காலில் சுழன்றபடியே அரங்கத்தின் குறுக்கே இருவரும் போக வேண்டிய இடம் வந்தது. ஜூதித்தா கடைசிச் சுழலை முடித்துக் கையை நீட்டினாள். கையைப் பிடிக்க ஆளில்லை. திரும்பிப் பார்த்தால், ஏர்மெஸ் பத்தடி பின்னால் ஐஸ் மேல் உட்கார்ந்திருந்தான்.

அவன் எழுந்தான். முடித்தார்கள். ஐந்தாவது இடம்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அவன் பெஞ்சில் காலை நீட்டி வைத்திருந்தான். இடது முழங்கால் சிறு பூசணி போல வீங்கியிருந்தது.

“எப்பத்துலேர்ந்து?” என்றாள்.

“ஆகஸ்ட்.”

“ஆகஸ்ட்டா? ஏண்டா சொல்லல?”

“சொன்னா நிறுத்தியிருப்பியா?”

ஜூதித்தா போய் ஒரு பையில் ஐஸ் அள்ளிக்கொண்டு வந்து அந்த முழங்கால் மேல் வைத்தாள்.

ஜனவரியில் அறுவை சிகிச்சை. ஒன்பது மாதம் ஐஸ் பக்கமே போகக்கூடாது என்றார் மருத்துவர். ஜூதித்தா முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாதம் வாரம் ஒரு தரம். அரங்கத்தில் தனியாக, இல்லாத ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பாதியை ஆடினாள். மற்ற ஜோடிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இருபத்து இரண்டு வயது ஆகிவிட்டது. ஒவ்வொரு காலையிலும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல எழுந்தாள்.

ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. லித்துவேனியாவிலிருந்து தோமாஸ் என்றொருவன். அவனுடைய ஜோடி ஆட்டத்தை விட்டுவிட்டாளாம். இத்தாலிக்காக ஆடத் தயாராம். ஜெர்மனியின் தென்கோடியில் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் பயிற்சி எடுக்கிறானாம். மூன்று நாள் சேர்ந்து ஆடிப் பார்க்கலாமா? 

ஃபுல்வியாவிடம் காட்டினாள். அவர் இரண்டு மஃப்ளரையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். “நாடு மாறி ஆடணும்னா, கடைசியா ஆடின போட்டியிலேர்ந்து ஒரு வருஷம் காத்திருக்கணும். தெரியுமில்ல?”

“அவன் ஆடிப் பத்து மாசம் ஆச்சாம் டீச்சர். இன்னும் ரெண்டே மாசம்.”

“ஏர்மெஸ்ஸுக்குத் தெரியுமா?”

“பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

தோமாஸ் வேகமானவன். முதல் நாளே அவனோடு அரங்கத்தை ஒரு சுற்று வந்தபோது ஜூதித்தாவின் கண்ணில் காற்று பட்டு நீர் வந்தது. அவன் அவளுக்காகக் காத்திருக்கவில்லை; அவளும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை; இருந்தும் இருவரும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தார்கள். தாவல்களை இழந்த பிறகு இப்படிப் பறந்ததே இல்லை. மூன்றாம் நாள் மதியம் சரி என்று சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து நேராக ரயிலேறி ஃபுல்டாவில் இருந்த அப்பாவின் கடைக்குப் போனாள். வெயில் நாள். கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அம்மா அவளைப் பார்த்ததும் முத்தம் கொடுத்து, ஏப்ரனைக் கையில் திணித்தாள். இருவரும் அருகருகே நின்று ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தபடியே பேசினார்கள்.

“அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?” என்றாள் மிரெல்லா.

“சொல்லணும்மா.”

“எப்படி, ஃபோன்லயா?” 

ஜூதித்தா பிஸ்தாவை அழுத்திக் கரண்டியில் எடுத்தாள்.

“நேர்ல போய்ச் சொல்லு. கால் இருக்குல்ல உனக்கு? அதுவும் நல்ல கால்.”

மிலானில் ஏர்மெஸ் வீட்டு சமையலறையில், அவன் எதிர் நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு அரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் நின்றபடி மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

“சரி.”

“சரின்னா?”

“சரின்னா சரி. வேற என்ன சொல்லணும்?”

“திட்டேன்டா. ஏதாவது சொல்லு.”

“இன்னிக்கு முடியாது. நாலு மணிக்குப் பிசியோதெரபி இருக்கு.”

அவள் கிளம்பும்போது அவன் அம்மா அடுப்புப் பக்கமிருந்து திரும்பவே இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது ஜூதித்தாவின் காதுகள் சூடாக இருந்தன. தெருவுக்கு வந்ததும் அவளை அறியாமல் ஓடத் தொடங்கியிருந்தாள்.

மூன்று மாதம் தோமாஸோடு ஆடியது நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்டில், போட்டிப் பதிவுக்கு எழுதியதற்குப் பதில் கடிதம் வந்தது. தோமாஸ் கடைசியாக ஆடியது போன கோடையில் அல்ல, இந்தப் பிப்ரவரியில். கணக்குப்படி அடுத்த பிப்ரவரி வரை அவர்கள் சேர்ந்து எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது. சீசன் முழுவதும் போச்சு.

“பிப்ரவரியில ஆடினியா?”

“அதெல்லாம் ஒரு போட்டியா?” என்றான் அவன் அரைகுறை ஆங்கிலத்தில். “சின்ன ஊர், ஏழு ஜோடி. அத நான் கணக்குலயே எடுத்துக்கல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத, நல்லதல்லாத சிரிப்பு. ஏர்மெஸ்ஸின் முழங்காலுக்காக ஒன்பது மாதம் பொறுக்க மாட்டாமல் ஓடி வந்தவள், இங்கே வந்த ஏப்ரலிலிருந்து எண்ணினால் பத்து மாதம் உட்கார வேண்டும்.

தோமாஸும் உட்காரும் ரகம் அல்ல. நவம்பரில் ஒரு காலை, ஒரு காலில் காலணி மாட்டி மற்றொன்றைக் கையில் வைத்திருந்தபோது, அவனிடமிருந்து செய்தி வந்தது. தன் நாட்டுப் பெண் ஒருத்தி கிடைத்துவிட்டாள், காத்திருக்கத் தேவையில்லை, நீ அருமையான ஆட்டக்காரி, வாழ்த்துகள். ஜூதித்தா மாட்டிய காலணியையும் கழற்றினாள்.

ஸோல்தோவுக்குத் திரும்பினாள். கடையைப் பூட்டிவிட்டுப் பெற்றோர் வந்திருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் மூவரும் ஒரே கூரையின் கீழ். அம்மா மகிழ்ந்தாள், ஜூதித்தாவால் இருக்க முடியவில்லை. விடிந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பனியை அள்ளினாள். தங்கள் வாசல் முடிந்ததும் பக்கத்து வீட்டு வாசல். பிறகு தபால் நிலையம் வரை. பொர்த்தொலோ கையில் காபியோடு வந்து வேடிக்கை பார்த்தார்.

“என்னம்மா, ஜெர்மனி வரைக்கும் ரோடு போடப் போறியா?”

“சும்மா இருக்க முடியலப்பா.”

“அது பொறந்ததுலேர்ந்து தெரியும். அந்த மிலான் பையன்கிட்ட போய்க் கேளு.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப்பா?”

“இருக்குற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான். வேற மூஞ்சி இருந்தா அத எடுத்துட்டுப் போ.”

நான்கு நாள் கழித்துப் போனாள். ஏர்மெஸ் பழைய அரங்கத்திலேயே ஐஸைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவள் நிற்பதைப் பார்த்தான். வேகத்தைக் கூட்டவில்லை. ஐஸ் முழுவதும் பளபளவென்று ஆன பிறகும், தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றினான். அவள் நின்றாள்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். நொண்டவில்லை.

“தப்பு பண்ணிட்டேன்,” என்றாள்.

“தெரியும்.”

“மறுபடியும் ஆடலாமா?”

அவன் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினான். “பஸ் ஓட்டுற பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். ஒரு வருஷத்துல கூப்பிடுவாங்க. கூப்பிட்டா போயிடுவேன். சீசன் நடுவுல கூப்பிட்டாலும் போயிடுவேன்.”

“சரி.”

“முட்டி வலிச்சா சொல்வேன். சொன்னா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது.”

“சரி.”

“தினம் எவ்வளவு நேரம் ஆடணும்னு நான்தான் சொல்வேன்.”

அதற்கு மட்டும் அவள் தடுப்போரமாக நான்கு எட்டு போய்த் திரும்பி வந்துதான் சரி சொன்னாள்.

அந்த ஒரு வருடத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று பியரினாவைத்தான் கேட்க வேண்டும். வாரம் இரண்டு தரம் அத்தையிடம் தொலைபேசியில் புலம்புவாள். பயிற்சி நடுவில் அவன் கையைத் தூக்கி, “வலிக்குது” என்பான். அன்றைக்கு அவ்வளவுதான். அவன் வீட்டுக்கு எந்தத் தபால் வந்தாலும் அது பேருந்துக் கம்பெனிக் கடிதமாக இருக்குமோ என்று தெருவையே சுற்றிச் சுற்றி வருவாள். சில நாள் வலிக்கிறதென்று அவன் வேண்டுமென்றே சொல்கிறானோ என்று சந்தேகப்பட்டாள். ஒருநாள் கேட்டும்விட்டாள். அவன் அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

டிசம்பரில் தேசியப் போட்டியில் மூன்றாவது வந்தார்கள். நான்காவது ஜோடியோடு அரைப் புள்ளிகூட வித்தியாசமில்லை. பலகையில் எண்கள் வந்தபோது ஃபுல்வியா அழுதார். ஏர்மெஸ்ஸின் அம்மா, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தரமாக, ஜூதித்தாவிடம் பேசினாள்.

“கடிதம் அக்டோபர்லயே வந்துடுச்சு. தெரியுமா உனக்கு?”

“எந்தக் கடிதம்?”

“பஸ் கம்பெனி. பிப்ரவரி வரைக்கும் தள்ளிப்போடுங்கன்னு இவனே போய்க் கேட்டான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னான். சொன்னா, பிப்ரவரிக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும்னு என்னைக் கொன்னுடுவாம்மான்னான்.”

ஜூதித்தா அவனைத் தேடிப் போனாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிரே தரையிலேயே உட்கார்ந்து, மற்றொரு காலணிக் கயிற்றை அவிழ்த்தாள்.

ஜனவரியில் ஐரோப்பியப் போட்டி வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் நடந்தது. முதல் நாள் முடிவில் இருபதாவது இடம். இருபது ஜோடிகளுக்குத்தான் மறுநாள் ஆட அனுமதி. கடைசி இடத்தில் இருப்பவர்கள் முதலில் ஆட வேண்டும். பாதி ஆட்கள் இன்னும் வந்து உட்காரவே இல்லை. அந்தக் காலி இருக்கைகளுக்கு நடுவே தெ ஃபந்தி குடும்பம் மட்டும் தனியாகத் தெரிந்தது. ஐஸ்கிரீம் கடையின் பெயர் எழுதிய வண்டியிலேயே இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தார்கள்.

பாட்டு தொடங்கியது. முதல் திருப்பத்தில் அவள் சற்று முன்னே போனாள், விரல் தோளில் தட்டியது, பின்வாங்கினாள். முன்பு அவன் விழுந்த அந்த ஒற்றைக்கால் சுழல் வந்தது. சுழன்றாள். முடித்துக் கையை நீட்டினாள். அவன் கை இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு வரிசையாக நினைவில்லை. ஏர்மெஸ் மூச்சிரைக்கச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. அவன் சிரித்து ஆடியதே இல்லை.

முடிவில் பதினெட்டாவது இடம். “இருபதிலேர்ந்து பதினெட்டு. இன்னும் ஒன்பது நாள் ஆடியிருந்தா முதல் இடம்,” என்றார் பொர்த்தொலோ. பியரினா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பிப்ரவரி முதல் தேதி ஏர்மெஸ் சீருடை போட்டுக்கொண்டு பேருந்து ஓட்டப் போனான். ஜூதித்தாவுக்கு வேறு ஜோடி தேடட்டுமா என்று ஃபுல்வியா கேட்டார். வேண்டாம் என்றாள். இளம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாயா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மாத இறுதியில், ஆறு வயதில் எந்த வண்டிக்குப் பின்னால் ஓடினாளோ, கடை திறக்கப் போகும் அந்த வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். 

ஃபுல்டாவில் பதினான்கு நாள் தாங்கினாள். கடைக் கண்ணாடிகளைத் துடைத்தாள், நாற்காலிகளுக்கு வர்ணம் அடித்தாள், இரண்டு புது ருசி கண்டுபிடித்தாள், இரண்டையும் அப்பா வேண்டாமென்றார். பதினைந்தாம் நாள், ஊர் ஊராகப் போகும் ஸ்கேட்டிங் நிகழ்ச்சிக் குழு ஒன்று கூப்பிட்டது. ஏழு மாதம், பதினோரு நகரம். தனியாக ஆடலாம், தாவலும் உண்டு, இரட்டைச் சுற்று போதும்.

“இப்பதாண்டி வந்த,” என்றாள் மிரெல்லா.

“அக்டோபர்ல வீட்டுக்கு வந்துடுவேம்மா. நீங்களும் அப்பதான வருவீங்க.”

அம்மா ரொட்டியில் பன்றி இறைச்சி வைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பலகை நாற்பது நிமிடத் தாமதம் என்றது. ஜூதித்தா ஏர்மெஸ்ஸைக் கூப்பிட்டாள். அவன் ஏதோ கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மெல்லுகிற சத்தம் கேட்டது.

“எங்க இருக்க?”

“ஸ்டேஷன்ல. ரயில் நாப்பது நிமிஷம் லேட்.”

“அப்ப உக்காரு.”

“உக்காந்துட்டேன்டா,” என்றாள் ஜூதித்தா, பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடையின் மறுகோடியை நோக்கி நடந்தபடியே.